நுவரெலியாவில் எங்கே தங்குவது? பழைய ஹோட்டல், வாவிக்கரை, பஜார், துரை பங்களா: ஓர் ஒப்பீடு

நுவரெலியாவுக்கு வரப்போகும் உறவினர்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது, வாவி தெரிகிற அறை கிடைக்குமா என்பதுதான். பகலை மட்டும் மனதில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி அது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் பல நாட்களில் பிற்பகலிலேயே மூட்டம் இறங்கிவிடும். ஆறு, ஆறரைக்கு இருட்டும் குளிரும் சேர்ந்து வரும். அதன் பிறகு சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அழைத்துக்கொண்டு வெளியே சுற்ற மனம் வராது, சுற்றிப் பார்க்கத் திறந்திருக்கும் கடைகளும் குறைவு. திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ விடுதி அறை என்பது பையை வைத்துவிட்டுப் போய், உறங்குவதற்கு மட்டும் திரும்புகிற இடம்; இங்கே மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் வெயில் ஏறும் வரை, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், தங்குமிடத்துக்குள்ளேயே கழியும். ஆகவே சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைவிட, இருட்டிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பார்த்து இடத்தைத் தெரிவதே பொருத்தம் என்பது என் கருத்து. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்தக் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டது.

இந்த ஊரைக் கட்டியவர்களும் குளிரையும் மாலையையும் எண்ணித்தான் கட்டினார்கள். 1824 முதல் 1831 வரை இலங்கையின் பிரித்தானிய ஆளுநராக இருந்த சேர் எட்வர்ட் பார்ன்ஸ், தாழ்நிலத்து வெப்பத்தாலும் காய்ச்சலாலும் நலிந்த பிரித்தானியப் படையினர் உடல் தேறுவதற்குரிய இடமாக இதை வளர்த்தெடுத்து, தமக்கும் இங்கே ஒரு மாளிகை எழுப்பிக்கொண்டார். இன்றைய கிராண்ட் ஹோட்டல் அந்த மாளிகையிலிருந்து வளர்ந்ததே. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் கால்நடைகளையும் கூட்டிவந்து பண்ணை அமைத்தார். ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. செங்கல் சுவரும் கோபுரமுமாக நிற்கும் தபாலகம் 1894இல் கட்டப்பட்டது. இன்றும் அங்கே உள்ளே போய் முத்திரை வாங்கலாம். தங்களுக்குப் பழகிய குளிர்நாட்டு வீட்டை, கணப்படுப்பும் மரத்தளமும் தடித்த சுவருமாக, அப்படியே இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். குளிருக்கென்றே கட்டிய கட்டடம் எது, குளிரை மறந்து பிற்காலத்தில் கொங்கிறீட்டில் எழுப்பிய கட்டடம் எது என்பது முதல் இரவிலேயே தெரிந்துவிடும்.

கிராண்ட் ஹோட்டல், ஹில் கிளப், சென். அன்ட்ரூஸ் ஆகிய பழைய தங்குமிடங்கள் 1889இல் தொடங்கப்பட்ட கோல்ப் மைதானத்தை அண்டி இருக்கின்றன. இவற்றின் பெறுமதி அறையில் இல்லை. அறைகள் சில சமயம் சிறியவையாக இருக்கும், குளியலறைக் குழாய்கள் பழையவையாக இருக்கும், மாடியில் ஒருவர் நடந்தால் கீழே படுத்திருப்பவருக்குப் பலகை முனகுவது கேட்கும். ஆனால் மாலை ஏழு மணிக்கு அறையை விட்டு இறங்கி வந்தால், நெருப்பு எரிகிற கூடமும், ஆழமான நாற்காலிகளும், பத்திரிகை வாசிக்கத் தோதான வெளிச்சமும், பிலியர்ட்ஸ் மேசையும் காத்திருக்கும். நான்கு பேர் நான்கு மூலையில் உட்கார்ந்து தங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டே ஒரே இடத்தில் இருக்கலாம். இந்த வசதி ஊரிலுள்ள புதிய விடுதிகள் பலவற்றில் அறவே கிடையாது. படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுப் போகும் வழக்கமும் இந்தப் பழைய இடங்களின் சொத்துத்தான். ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும் என்பது நெடுங்கால மரபு. கொண்டுவராதவர்களுக்கு இரவல் கொடுக்கும் ஏற்பாடும் அந்த மரபின் பகுதியே. அங்கத்தவர் அல்லாதவர்கள் தற்காலிக அங்கத்துவக் கட்டணம் செலுத்த நேரிடலாம் என்பதையும் முன்பதிவின்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. வேட்டியோடு வரலாமா என்று கேட்கிற பெரியப்பாக்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களை அங்கே அழைத்துப்போவதற்கு முன் இரண்டு தரம் யோசிக்கவும்.

இந்தப் பிரிவில் பணம் கொடுப்பவர்கள் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்க வேண்டும்: ஒதுக்கப்படும் அறை பழைய கட்டடத்தில் உள்ளதா, பின்னர் சேர்த்த பகுதியில் உள்ளதா? பழைய பெயருக்குக் காசு கொடுத்துவிட்டு, எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஒரு நீண்ட நடைபாதையின் கடைசி அறையில் படுப்பதில் பொருளில்லை. அதேபோல, கணப்படுப்பு இருப்பது வேறு, அது எரிவது வேறு. பல இடங்களில் புகைபோக்கி அடைக்கப்பட்டு, அடுப்புக்குள் பூச்சாடி நிற்கிறது. கையில் பணம் அளவாக இருப்பவர்களுக்கு நான் சொல்லும் மாற்று வழி, வேறெங்காவது மலிவாகத் தங்கிக்கொண்டு ஒரு மாலையில் கிராண்ட் ஹோட்டலுக்குத் தேநீர் அருந்தப் போவது. புல்வெளியையும் கூடத்தையும் பார்த்து ஓரிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வர அந்தச் செலவே போதும்.

வாவிக்கரை விடுதிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவி பகலில் அழகுதான். படகு, குதிரை சவாரி, சோளம் சுடுகிற வண்டிகள் என்று பிள்ளைகளுக்கு நேரம் போவதே தெரியாது. பதுளை வீதியை ஒட்டியும் அதற்கு மேலுள்ள சரிவிலும் ஏராளமான விருந்தினர் விடுதிகள் எழுந்திருக்கின்றன. விலையும் பழைய ஹோட்டல்களைவிட மிகக் குறைவு. இவற்றில் பெரும்பாலானவை கண்ணாடிச் சன்னலும் ஓடு பதித்த தரையுமாகக் கட்டப்பட்டவை. ஓட்டுத் தரை மாலையில் ஐஸ் போலக் குளிரும், பெரிய கண்ணாடி வழியாக அறையின் சூடு வெளியேறிவிடும், பொதுக் கூடம் என்று சொல்ல வரவேற்பு மேசைக்கு முன்னால் இரண்டு சோபாக்கள் மட்டுமே இருக்கும். ஆறு மணிக்குப் பிறகு வாவியே தெரியாது என்பதை நினைத்துப் பார்த்தால், காட்சிக்கென்று கூடுதலாகக் கொடுக்கும் தொகை பகலில் ஐந்தாறு மணி நேரத்துக்கு மட்டும் பயன்படுகிறது. அந்த நேரத்தில் நாமோ ஹக்கலைப் பூங்காவிலோ ஹோட்டன் சமவெளியிலோ இருப்போம். பிள்ளைகள் வாவியை விட்டு நகர மாட்டார்கள் என்று தெரிந்த பெற்றோருக்கு மட்டும் இந்தக் கரை ஏற்றது. அவர்களும் வீதியோரத்தைத் தவிர்த்து, ஒரு குறுக்குத் தெரு உள்ளே தள்ளித் தேடினால் வாகன இரைச்சல் குறையும்.

சரிவில் உள்ள விடுதிகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். விளம்பரத்தில் 'நகரிலிருந்து ஐந்து நிமிட நடை' என்றிருக்கும்; அந்த ஐந்து நிமிடம் இறங்குகிற ஐந்து நிமிடம். திரும்பி ஏறும்போது, சமவெளியில் பழகிய மூச்சுக்கு அது இருபது நிமிடமாகிவிடும். வீதியிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து அறைக்கும் எத்தனை படிகள் என்று கேட்டுக்கொள்ளாமல் முழங்கால் நோவுள்ள அம்மாவையோ ஆஸ்துமா உள்ள அப்பாவையோ அங்கே கூட்டிச் செல்லக்கூடாது.

பஜார்ப் பகுதியைப் பலரும் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடுகிறார்கள். அவ்வளவு மோசமான தெரிவு அல்ல அது. பழைய பஜார் வீதியும் புதிய பஜார் வீதியும் பஸ் நிலையமும் விக்டோரியா பூங்காவும் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருக்கின்றன. சைவக் கடையில் சுடச்சுடத் தோசை சாப்பிட்டுவிட்டு, மழை தூறினாலும் நனையாமல் கடை ஓரமாகவே அறைக்கு வந்து சேரலாம். மருந்துக் கடை, வங்கி, பிள்ளைக்கு மறந்துபோன குல்லா, எல்லாம் அருகில். நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தமிழர் என்பதால், வழி கேட்பதற்கும் விலை பேசுவதற்கும் தமிழே போதும். குறை என்னவென்றால், அறைகள் பெரும்பாலும் நான்கு சுவரும் ஒரு கட்டிலும்தான். சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் தெரியும். விடியுமுன்னே பஸ்கள் உறுமத் தொடங்கும். சொந்த வாகனத்தில் வருபவர்களுக்கு நிறுத்துமிடம் பெரும் தலையிடி. ஒரே இரவு தங்கி மறுநாள் கிளம்புபவர்கள், பஸ்ஸில் வருபவர்கள், இரண்டு மூன்று நண்பர்களாக வருபவர்கள் தாராளமாக இங்கே தங்கலாம். மூன்று இரவு என்றால் அந்த அறையில் மாலைப் பொழுதைப் போக்க வழியில்லாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு போர்வைக்குள் கிடக்க வேண்டியதுதான்.

துரை பங்களா வேறு வகை. தேயிலைத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1990களில் மீண்டும் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போன பிறகு, துரை என்று அழைக்கப்பட்ட தோட்டத்து மேலாளர்கள் குடியிருந்த பங்களாக்களில் சில பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்: முன்னே நீண்ட வராந்தா, நடுவில் பெரிய கூடம், அதை ஒட்டிச் சாப்பாட்டறை, இரு பக்கமும் நான்கைந்து படுக்கையறைகள், சற்றுத் தள்ளி நடைபாதையால் இணைந்த சமையலறை. பங்களா அப்பு என்று அழைக்கப்படும் சமையல்காரர் கூடவே இருப்பார். எட்டுப் பத்துப் பேராக, மூன்று தலைமுறையும் சேர்ந்து வரும் குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த மாலை நுவரெலியாவில் கிடைக்காது. விறகு எரிகிற கூடத்தில் பாட்டி ஒரு பக்கம், பிள்ளைகளின் கரம் பலகை ஒரு பக்கம், சாப்பாட்டறையில் ஒரே மேசையில் எல்லோருக்கும் இடம். தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால், நான்கு ஹோட்டல் அறைகளுக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவும் வருவதுண்டு. சாப்பாடு சைவமா அசைவமா, எத்தனை பேர், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதை வருவதற்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பொருட்களை நாமே வாங்கிவர வேண்டுமா, அவர்கள் வாங்கிக் கணக்குக் காட்டுவார்களா என்பதையும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு எல்லாம் இந்த மண்ணிலேயே விளைவதால் மரக்கறிச் சமையல் சோடை போகாது.

பாதையைத்தான் கவனிக்க வேண்டும். பிரதான வீதியிலிருந்து பிரிந்து தேயிலைக்குள் போகும் கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றர் பெரும்பாலும் தோட்டப் பாதை. கல் பதித்து நெடுங்காலமானது, இடையிடையே கல் பெயர்ந்து குழி விழுந்திருக்கும். மழை பெய்தால் அந்தக் கற்களில் பாசி வழுக்கும். தாழ்வான கார்களின் அடிப்பாகம் தட்டும். வேன் என்றால் சாரதி பழகியவராக இருக்க வேண்டும். இரவில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் நகரிலுள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்று பகலிலேயே கணக்குப் போட்டுவைப்பது அவசியம். இருதய நோயுள்ளவர்களைக் கூட்டிவரும் குடும்பத்துக்கு, எவ்வளவு ஆசை இருந்தாலும், பங்களாவை நான் பரிந்துரைப்பதில்லை.

இதில் நம்மவர்களுக்கே உரிய ஒரு விடயமும் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்கள் அந்த வராந்தாவில் பெரிய துரை உட்கார்ந்திருக்க, படிக்குக் கீழே நின்று பேசியவர்கள்; பங்களாவின் முன்வாசல் அவர்களுக்கானதல்ல. இப்போது அதே வராந்தாவில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும் உண்டு, அந்த வீட்டில் ஒரு இரவு படுக்கவே மனம் ஒப்பாது என்கிறவர்களும் உண்டு. இரண்டையும் நான் என் சொந்தத்துக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். பதிவு செய்வதற்கு முன் வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. பங்களாவிலிருந்து பார்த்தால் லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தெரியும். அங்கே குடும்பங்கள் இன்னும் வாழ்கின்றன. கொழுந்து பறிப்பவர்களை நிறுத்திவைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை நாமாவது விட்டுவிடலாம்.

பங்களாவின் தனிமையும் வேண்டும், ஹோட்டலின் வசதியும் வேண்டும் என்பவர்களுக்குக் கந்தப்பளைப் பக்கம் ஒரு இடம் இருக்கிறது. ஹெதர்செட் தோட்டத்தின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையை 1990களில் ஹோட்டலாக மாற்றினார்கள். கொழுந்து வாட்டிய மாடிகள் அறைகளாகின, பழைய இயந்திரப் பாகங்கள் அப்படியே விடப்பட்டன. முன்பு நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய குறுகிய பாதை ரயில் 1940களில் நிறுத்தப்பட்டது. அந்தக் காலத்து ரயில் பெட்டி ஒன்று அங்கே உணவகமாக நிற்கிறது. ரயிலிலும் இயந்திரத்திலும் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அது ஒரு நாள் பொழுதுக்குக் காணும். நகரிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீற்றர் என்பதால், நகரைப் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் வளைவுப் பாதையில் போய்வர வேண்டும். அங்கேயே இருந்து ஓய்வெடுக்க வந்தவர்களுக்கே அது பொருந்தும்.

சீதா எலியவிலும் சில விடுதிகள் உண்டு. நகரிலிருந்து பதுளை வீதியில் ஐந்து கிலோமீற்றர் அளவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. 2024 மே மாதம் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. விடியற்காலைப் பூசையைக் காண வேண்டும் என்பவர்கள் தவிர மற்றவர்கள் நகரில் தங்கி, 1861இல் தொடங்கிய ஹக்கலைப் பூங்காவையும் சேர்த்து ஒரே காலையில் பார்த்துவிடலாம். நானுஓயா ரயிலில் வருபவர்கள் இறங்கும் இடம். அதற்காக அங்கேயே தங்க வேண்டியதில்லை. ரயில் எவ்வளவு தாமதமாக வந்தாலும் எட்டு ஒன்பது கிலோமீற்றரில் நகரம், நிலைய வாசலில் முச்சக்கரவண்டிகள் நிற்கும். ஏறுவதற்கு முன் கட்டணத்தைப் பேசிக்கொண்டால் சரி.

ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்களுக்குக் கணக்குக் கொஞ்சம் மாறும். சமவெளியின் செங்குத்தான மலைவிளிம்பாகிய உலக முடிவில் ஒன்பது, பத்து மணிக்கு மேல் மூட்டம் ஏறிவிடுவதால், ஐந்து மணிக்கெல்லாம் நுவரெலியாவை விட்டுக் கிளம்ப வேண்டும்; அப்படியென்றால் நாலு, நாலரைக்குக் குளியல். இங்கேதான் சுடுநீர் பெரும் பிரச்சினையாகிறது. சிறிய விடுதிகளில் இரண்டு மூன்று அறைகளுக்கு ஒரே சுடுநீர்த் தாங்கி இருக்கும். முதலாமவர் ஆற அமரக் குளித்துவிட்டால் மூன்றாமவருக்கு மலைத் தண்ணீர்தான். சுடுநீர் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றே சொல்வார்கள். எத்தனை அறைக்கு ஒரு தாங்கி, அதிகாலையில் அதைப் போட்டுவிட ஆள் இருப்பாரா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்று கேட்பதே கேட்கிற முறை. காலைச் சாப்பாட்டைப் பொதி கட்டித் தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஈரவாடை இன்னொன்று. படத்தில் பளபளக்கும் அறைக்குள் நுழைந்ததும் நனைந்த சாக்கின் வாடை வந்தால், மெத்தையின் கீழ்ப்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று பிசுபிசுத்தால் அந்த அறை வெயில் காணாத அறை. இங்கே வெளிச்சமான நேரம் காலைதான் என்பதால், கிழக்கே சன்னலுள்ள அறை எப்போதும் உலர்ந்திருக்கும். மேற்கு நோக்கிய அறைக்கு வெயில் திரும்பும் நேரத்தில் மூட்டம் வந்துவிடும். வாவி தெரியும் அறையைவிடக் கிழக்கு பார்த்த அறையைக் கேட்டு வாங்குவதே புத்தி என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

காலத்தைப் பொறுத்தும் தெரிவு மாறும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் சீசனில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார் பந்தயம் என்று ஊரே திருவிழாக்கோலம் பூணும். வாடகை இரட்டிப்பாவதும் அதைத் தாண்டுவதும் வழமை. அந்த வாரங்களில் வாவிக்கரையில் இரவு வரை பாட்டுச் சத்தம் ஓயாது, பஜாரில் வாகனம் நகராது. கூட்டத்தைப் பார்க்கவே வருகிறவர்கள் நகருக்குள் தங்கட்டும். மற்றவர்களுக்கு அப்போது பங்களாவோ கந்தப்பளையோதான் நிம்மதி. ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் சில அதிகாலைகளில் வெப்பநிலை பூச்சியத்தை அண்டி, புல்வெளியில் துகள் உறைபனி படியும். அந்த மாதங்களில் நெருப்பு எரியும் கூடமுள்ள இடத்துக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் தவறில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் ஆண்டின் இறுதி மாதங்களின் மழையிலும் தோட்டப் பாதைப் பங்களாக்களைத் தவிர்ப்பதே என் ஆலோசனை.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் பிரித்துச் சொல்வேன். பெற்றோரோடு வரும் சிறு குடும்பம் என்றால், மூன்று இரவு மலிவான இடத்தில் தங்குவதைவிட இரண்டு இரவு கோல்ப் மைதானத்தை அண்டிய பழைய கட்டடம் ஒன்றில் தங்கட்டும். பெரிய ஹோட்டல்கள் கைக்கு எட்டாவிட்டால், அதே சுற்றாடலில் பழைய வீடுகளை விடுதியாக்கியவர்கள் இருக்கிறார்கள், அவற்றில் மரத்தளமும் கூடமும் உள்ளதைத் தேடட்டும். மூன்று குடும்பம் சேர்ந்து வந்தால், உடல்நலக் குறைவுள்ளவர்கள் இல்லாவிட்டால், பங்களா. இளைஞர்கள் பஜாரில் தங்கி, மிச்சம் பிடிக்கும் காசில் வேன் பிடித்து ஊர் சுற்றட்டும். வாவிக்கரையை நான் கடைசியில்தான் வைப்பேன். இதில் என் சொந்தத்தில் பாதிப்பேர் என்னோடு உடன்படுவதில்லை.

எந்த இடமானாலும், முற்பணத்தை வங்கியில் போடுவதற்கு முன், மண்சரிவால் வீதியோ ரயில் பாதையோ மூடப்பட்டால் திகதியை மாற்றித் தருவார்களா, பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கண்டியிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் வீதியும், ஹட்டன், தலவாக்கலை வழியாக வரும் வீதியும் கனமழையில் தடைப்படுவதுண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியாக விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படும் நாளுக்கு முதல் நாள் பார்த்து, தங்குமிடம் இருக்கும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் அதில் இருந்தால், பயணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு விடுதிக்காரரை அழைத்துப் புதிய திகதியைப் பேசிக்கொள்ளலாம்.